கை படாமலே உடைந்த மூட்டுகள்: ஒரு ரோபோ கிட்டில் நடந்தது

எதற்காக இந்தப் பதிவு

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்களிடம் ஒரு புகார் உண்டு. "ராத்திரி நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் கால் தனியாகக் கிடக்கிறது." கேட்பவர் சிரித்துவிட்டு வீட்டுப் பூனை மேல் பழியைப் போடுவார். நானும் அப்படிச் சிரித்தவன்தான். இந்த நிகழ்வில் பூனை இல்லை.

கட்டியவர் எங்கள் சிறு குழுவில் ஒருவர். பெயர் வேண்டாம், கட்டியவர் என்றே சொல்கிறேன். உடைந்த பிறகு கூப்பிடப்பட்டவன் நான். அதற்கு முன்னால் நடந்ததை அவருடைய குறிப்பேட்டையும் கைபேசிப் படங்களையும் வைத்து எழுதுகிறேன். கிட் எந்த நிறுவனத்துடையது என்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் பழி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். தவறு கிட்டில் இல்லை.

பின்னணி

கிட் 1/100 அளவிலான மனித வடிவ இயந்திரம். கதையில் 18 மீட்டர் உயரம், மேசையில் 18 சென்டிமீட்டர். உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டகம், அதன்மேல் கவசத் தகடுகள். கவசம் பாலிஸ்டைரீன். சட்டகத்தில் மூட்டுகள் உள்ள பாகங்கள் எல்லாம் ஏபிஎஸ். எந்தப் பிளாஸ்டிக் என்பது ரன்னரின் (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின்) ஓரத்தில் அச்சிலேயே பொறித்திருக்கும். ஆனால் கட்டும்போது கண் பாக எண்ணைத்தான் தேடும், அந்த எழுத்து யார் கண்ணிலும் படாது.

இந்தக் கிட்டுகள் எப்படி நிற்கின்றன என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் எல்லாமே அதில்தான் இருக்கிறது. 1980-இல் 300 யென்னுக்கு வந்த முதல் கன்டம் (ஜப்பானிய ரோபோ கார்ட்டூன்) கிட் 1/144 அளவு. அதற்குப் பசை வேண்டும். பசைக் கிட்டில் ஒரு பாகத்தின் முளை அடுத்த பாகத்தின் துளைக்குள் கொஞ்சம் லொடலொடவென்று இருந்தாலும் கவலையில்லை. பசை இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். பிற்பாடு வந்த, பசையே வேண்டாத அழுத்திப் பொருத்தும் கிட்டுகளில் அந்த வேலையை இறுக்கம் செய்கிறது. முளை துளையைவிட மயிரிழை பெரிதாக இருக்கும். அழுத்தினால் துளையின் சுவர் கொஞ்சம் விரிந்து முளையைக் கவ்விக்கொள்ளும். கட்டி முடித்து அலமாரியில் வைத்த பிறகும் அந்தச் சுவர் விரிந்தபடியேதான் இருக்கிறது. பார்ப்பதற்குச் சும்மா நிற்பதுபோல இருக்கும் பொம்மைக்குள் நூற்றுக்கணக்கான துளைகள் எந்நேரமும் இழுபட்டுக்கொண்டிருக்கின்றன.

கட்டியவருக்கு இது நான்காவது கிட். முதல் இரண்டையும் வண்ணம் பூசாமலே கட்டினார். மூன்றாவதைத் தூரிகையால் பூசினார். காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷைப் பிடித்தது இதில்தான் முதல்முறை. குழுவின் காட்சி நாளுக்கு வைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

செய்த முறை

குறிப்பேட்டின்படி வேலை ஏழு வாரம் நடந்திருக்கிறது. குறை சொல்ல இடமில்லாத வேலை. ரன்னரிலிருந்து இரண்டு வெட்டாக வெட்டி, மிச்ச முண்டை 400, 600, 1000 என்று உப்புத்தாளில் தேய்த்திருக்கிறார். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, பிறகு ப்ரைமர், அதன்மேல் லாக்கர் வண்ணம், பளபளப்புத் தரும் கிளாஸ் கோட், டெக்கால் (ஒட்டும் சின்னங்கள்), மறுபடி ஒரு கிளாஸ் கோட். லாக்கர் கீழே, எனாமல் மேலே என்ற வரிசையும் சரி. நன்றாகக் காய்ந்த லாக்கரை எனாமல் தின்னர் கரைக்காது. அதனால்தான் தகடுகளில் பள்ளமாக இருக்கும் பேனல் கோடுகளுக்குள் ஓடவிடும் கருப்பு வாஷை (தின்னரில் நீர்த்த வண்ணத்தை) எனாமலில் வைத்துக்கொள்கிறோம். வழிந்ததைத் தின்னரால் துடைத்தாலும் கீழே உள்ள வண்ணம் போகாது.

வழக்கத்திலிருந்து அவர் விலகியது இரண்டு இடங்களில். சட்டகத்தை முழுசாகப் பூட்டி நிறுத்தி வைத்து அப்படியே வண்ணம் அடித்தார். மூட்டுகளை அசைத்து அசைத்து, உள்ளே தெரியும் இடங்களிலும் இரண்டு தடவை பூசினார். அப்புறம், கவசத்தை எல்லாம் மாட்டி முடித்த பிறகே வாஷ் போட்டார். காரணம் கேட்டேன். "பக்கத்துப் பக்கத்துத் தகட்டில் கோடு ஒரே கருப்பாக இருக்கணும்ல, தனித்தனியாப் போட்டா மாறிடுது" என்றார். நியாயமான காரணம். மூன்றாவது கிட்டில் அவருக்கு அப்படித்தான் மாறிப்போயிருந்தது.

வாஷ் போட்டது ஒரு சனிக்கிழமை மாலை. குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "பஞ்சுக்குச்சி 40-க்கு மேல் ஆகிவிட்டது, தின்னர் பாட்டில் பாதி." முதலில் படித்தபோது அதை நான் கவனிக்கவில்லை. இரவு 11 மணிக்கு முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் திருப்பி, பறக்கும் நிலையில் தாங்கியில் ஏற்றிப் படம் எடுத்திருக்கிறார். காட்சி நாளுக்கு அப்போது 9 நாள் இருந்தது. பளபளப்பை அடக்கும் மேட் கோட் மட்டும் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் இடது முழங்கால் மூட்டின் வெளிப்பாதி மேசையில் கிடந்தது. துளையைச் சுற்றியிருந்த வளையம் ஆங்கில 'சி' எழுத்துப் போலத் திறந்துகொண்டிருந்தது. அவர் எனக்குப் படம் அனுப்பினார், கூடவே ஒரு குரல் செய்தி: "அண்ணா, கையே படலை. தானா விழுந்திருக்கு."

பசை போட்டு ஒட்டிவிடுங்கள் என்று பதில் அனுப்பினேன். யோசிக்காமல் சொன்ன பதில் அது.

மதியம் வலது முழங்கையில் ஒரு கோடு தெரிந்திருக்கிறது. வாஷ் வழிந்த கறை என்று நினைத்துப் பஞ்சுக்குச்சியில் தின்னர் தொட்டுத் துடைத்திருக்கிறார். கோடு போகவில்லை, நீண்டது. மாலையில் தாங்கியோடு இணையும் இடுப்பு மூட்டு இரண்டாகப் பிளந்து, உருவம் முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒரே நாளில் மூன்று பாகங்கள். அதற்குமேல் ஒட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதையும் தொட வேண்டாம், படுக்கவைத்து விடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் சந்தேகப்பட்டவை

கட்டியவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்காலைப் பலமாக மடக்கிவிட்டோமோ என்பது அவருடைய முதல் சந்தேகம். வார்ப்பிலேயே பலவீனமான பாகம் வந்திருக்கலாம் என்பது இரண்டாவது. குழுவின் மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். நான் லேசாகத் தின்னர் பேச்சை எடுத்ததும் அவர் மறுத்துவிட்டார். "ரெண்டு கிளாஸ் கோட் அடிச்சிருக்காங்கல்ல? அதுக்குள்ள எனாமல் தின்னர் எப்படிப் போகும்?" அவர் 20 வருடமாகக் கட்டுகிறவர், அவர் சொல்வதிலும் தர்க்கம் இருந்தது. எனக்கும் உடனே பதில் தெரியவில்லை.

உடைந்த முகத்தில் தெரிந்தது

பூதக்கண்ணாடியில் உடைந்த பாகங்களைப் பார்த்தோம். மூன்று விஷயங்கள் தெரிந்தன.

வளைத்து உடைத்த ஏபிஎஸ் வெளுக்கும். இது யாரும் செய்து பார்க்கக்கூடியது. ஒரு ரன்னர் துண்டை எடுத்து மடக்கினால், முறியும் முன்பே மடிப்பில் வெள்ளை படரும். பலத்தால் முறிந்திருந்தால் அந்த வெள்ளை இருந்தே தீரும். இந்த மூன்றிலும் அது இல்லை. உடைந்த முகம் கண்ணாடிச் சில்லு போல வழவழப்பாக இருந்தது. பலமாக மடக்கியதால் உடையவில்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கட்டியவரின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

இரண்டாவது, இடம். மூன்று விரிசலும் முளை நுழையும் துளையின் உள்விளிம்பில் தொடங்கி வெளியே போயிருந்தன. மெல்லிய நுனிகளிலோ, ரன்னரிலிருந்து வெட்டிய தழும்பிலோ ஒன்றுகூட இல்லை. வார்ப்புக் குறை என்றால் இப்படி மூன்றும் ஒரே மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்காது.

மூன்றாவதுதான் எனக்கு மறக்காதது. முழங்கால் வளையத்தின் உடைந்த முகத்தில், உள்ளிருந்து ஏறக்குறைய பாதித் தூரம் வரை கருப்புச் சாயம் படிந்திருந்தது. மீதிப் பாதி வெறும் சாம்பல் நிறம். வாஷ் ஈரமாக இருந்தபோதே விரிசல் பாதி திறந்திருக்கிறது, சாயம் அதற்குள் புகுந்திருக்கிறது. மிச்சம் காய்ந்த பிறகு, மடக்கி வைத்திருந்த இரவில் பிரிந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை நடந்ததை அந்தப் பாகம் தானே எழுதி வைத்திருந்தது.

ரன்னர் துண்டில் ஒரு சோதனை

மூத்தவருக்குப் படத்தை அனுப்பினோம். சாயம் பிற்பாடும் ஊறியிருக்கலாமே என்றார். சரி, பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். நல்லவேளையாக, கட்டியவர் ரன்னர்களைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார். அதே ஏபிஎஸ், அதே வார்ப்பு.

ஒரே நீளத் துண்டுகளாக ஆறு வெட்டினோம். ஐந்தை வளைத்து இரு முனையையும் நூலால் கட்டி வில்லாக்கினோம். ஒன்றை நேராகவே விட்டோம். முதல் வில்லில் எதையும் தொடவில்லை. இரண்டாவதன் முதுகில் எனாமல் தின்னர், மூன்றாவதில் லைட்டர் திரவம் (வாஷ் துடைக்கப் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்), நான்காவதில் நீர்வகை வாஷ். ஐந்தாவது, சட்டகத்தோடு சேர்த்து வண்ணமும் கிளாஸும் அடிக்கப்பட்டிருந்த மாதிரித் துண்டு. அதிலும் எனாமல் தின்னர். நேராக இருந்ததிலும் அதே தின்னர்.

இரண்டாவது வில்லில் பத்து நிமிடத்துக்குள் முதுகின் குறுக்கே மெல்லிய கோடுகள் வந்தன. அரைமணி நேரத்தில் விரலால் லேசாகத் தொட்டதும் "டக்" என்று முறிந்தது. வெள்ளை படரவில்லை, முகம் வழவழவென்றிருந்தது. லைட்டர் திரவம் சீக்கிரம் ஆவியாகிவிட்டது. ஒரு தடவை தொட்டதில் ஒன்றும் ஆகவில்லை, நான்கைந்து தடவை திரும்பத் திரும்பத் தொட்ட பிறகு அதிலும் கோடு வந்தது. நீர்வகை வாஷிலும் எதுவும் தொடாத வில்லிலும் மாலைவரை மாற்றமில்லை. நேராக இருந்த துண்டைத் தின்னரில் நனைத்து நனைத்துப் பார்த்தோம். அதற்கு எதுவுமே ஆகவில்லை.

வண்ணம் அடித்த வில் ஒருமணி நேரம் தாங்கியது. மூத்தவர் ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் வெட்டிய முனைப்பக்கமிருந்து ஒரு விரிசல் கிளம்பி வந்தது. முனையில் வண்ணம் இல்லை, வெறும் பிளாஸ்டிக். தின்னர் அங்கே வழிந்திருந்தது.

ஆய்வுக்கூடச் சோதனை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆறு துண்டு, ஒரு மாலை, அவ்வளவுதான். ஆனாலும் எங்களுக்குத் தேவையான விடை அதில் கிடைத்தது.

என்ன நடந்திருக்கிறது

இழுபட்டிருக்கும் பிளாஸ்டிக்கின்மேல் சில திரவங்கள் பட்டால், அவை அதைக் கரைக்காமலே விரிசல் விடச் செய்யும். பொறியாளர்கள் இதைச் சூழல் தகைவு விரிசல் என்பார்கள். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதுதான் பிளாஸ்டிக்கின் பலம். திரவம் அவற்றினிடையே நுழைந்து பிடியைத் தளர்த்துகிறது. இழுக்கும் விசை இல்லாவிட்டால் சங்கிலிகள் அப்படியே கிடக்கும், திரவமும் ஆவியாகிப் போய்விடும். இழுவை இருந்தால் விலகத் தொடங்கும். நேரான துண்டு பிழைத்ததும் வில் முறிந்ததும் அதனால்தான். ஏபிஎஸ்ஸுக்குத்தான் இது வரும் என்பதில்லை, பாலிஸ்டைரீனிலும் வரும். சட்டகத்தில் மூட்டுகள் இருப்பதால், இறுக்கமும் பாரமும் ஏபிஎஸ்மேல் விழுகின்றன.

ஆக, திரவமும் வேண்டும், இழுவையும் வேண்டும். இந்தக் கிட்டில் இரண்டுமே வழக்கத்தைவிட அதிகம்.

இழுவை கூடியது வண்ணத்தால். மூட்டுகளை அசைத்து அசைத்துப் பூசியதில் முளைகளின் மேல் ப்ரைமர், இரண்டு பூச்சு வண்ணம், கிளாஸ் எல்லாம் ஏறியிருந்தன. பூசாத உதிரி முளை கேலிப்பரில் 3.00 மில்லிமீட்டர் காட்டியது. பூசிய முளை 3.08. காதில் விழுந்தால் ஒன்றுமில்லாத எண். ஏற்கெனவே மயிரிழை இறுக்கத்தில் நிற்கும் துளைக்கு அது பெரிய எண். அதன்மேல் மடக்கிய கால், முன்னால் சாய்ந்த உடல், ஒற்றைத் தாங்கி.

திரவம் கூடியது துடைப்பால். வாஷில் இருக்கும் தின்னர் கொஞ்சம்தான். 40 பஞ்சுக்குச்சிகளில் இருந்ததுதான் அதிகம். ஒவ்வொரு துடைப்பிலும் பிழியப்பட்ட தின்னர் தகட்டின் இடுக்கு வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே நிமிடங்களில் காய்ந்துவிடும் அது, மூடிய மூட்டுக்குள் காற்றில்லாமல் இரவு முழுக்கத் தங்கியிருக்கும். மூத்தவர் நம்பிய கிளாஸ் கோட் வெளிப்பக்கம்தான் இருந்தது. பூட்டி வைத்துப் பூசியதால் துளையின் உட்சுவருக்கு வண்ணமே போகவில்லை. இழுபடும் இடமும் அதுதான்.

படத்தோடு இதை அனுப்பியபோது மூத்தவரின் பதில் ஒரே வரி: "அப்ப என் அலமாரியில இருக்குறதையும் போய்ப் பார்க்கணும்."

முடிவெடுத்தது

மூன்று வழி இருந்தது. உடைந்த மூன்றை மட்டும் ஒட்டி, அசையாமல் நிறுத்திக் காட்சிக்கு வைப்பது ஒன்று. புதுக் கிட் வாங்கிச் சட்டகத்தை மட்டும் மாற்றுவது இன்னொன்று. முழுவதையும் பிரிப்பது மூன்றாவது.

புதுச் சட்டகத்துக்கு மறுபடி வண்ணம் அடித்துக் காயவைக்க நாள் போதாது. ஒட்டி நிறுத்துவது ஆசை காட்டியது, அதைச் செய்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆனால் உள்ளே இன்னும் எத்தனை மூட்டு பாதி விரிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தின்னர் உள்ளே தங்கியிருக்கும்வரை விரிசல் வளர்ந்துகொண்டே இருக்கும். பிரித்தால் இறுக்கமும் போகும், காற்றும் படும். பிரிக்கலாம் என்றோம், கூட உடையும் என்று தெரிந்தே.

கணுக்கால்களை மட்டும் பிரிக்க வேண்டாம் என்றது நான். பார்வைக்கு விரிசல் இல்லை, அதன் கவசம் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியது, திறந்தால் வண்ணம் பெயரும். கட்டியவர் தயங்கினார். நான் அனுபவஸ்தன் குரலில் பேசியிருப்பேன் போலிருக்கிறது, ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிரித்ததும் பழுது பார்த்ததும்

ஞாயிறு இரவே பிரித்தோம். முளையை நேராக இழுக்காமல், தட்டையான பிரிப்பானை இடுக்கில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினோம். இன்னும் நான்கு துளைகளில் மயிரிழை விரிசல் இருந்தது. அதில் ஒன்று பிரிக்கும்போதே போய்விட்டது. மொத்தம் ஏழு. எல்லாப் பாகங்களையும் தட்டில் பரப்பி, ஜன்னலோரம் இரண்டு நாள் விட்டோம். கட்டியவருக்கு அந்த இரண்டு நாள்தான் கஷ்டமாக இருந்ததாம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்ததால்.

மயிரிழை விரிசல் மட்டும் இருந்த மூன்றுக்கு ஏபிஎஸ்ஸுக்கென்று உள்ள பசையைத் தூரிகை நுனியால் விரிசலில் விட்டு, கிளிப்பால் பிடித்து ஒருநாள் வைத்தோம். பாலிஸ்டைரீனுக்கு விற்கிற சாதாரணப் பசை ஏபிஎஸ்ஸில் சரியாகப் பிடிக்காது. இதற்கு மட்டும் வேறு பசை வேண்டும்.

இடுப்பு மூட்டு பாரம் தாங்கும் இடம். அதை வெறும் பசையை நம்பி விட முடியாது. பின் வைஸால் (கையால் சுழற்றும் சின்னத் துளைப்பான்) இரு பாதியிலும் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் கம்பி செருகி, சூப்பர் க்ளூ விட்டு ஒட்டினோம். இனி அது திரும்பாது. பறக்கும் நிலையில் எந்தக் கோணம் வேண்டுமோ அதில் வைத்தே ஒட்டினார்.

முழங்கால் வளையத்துக்கு வெளியே அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு பட்டை சுற்றிப் பட்டி கட்டினோம். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுவதுபோலத்தான். கவசத்தின் உட்பக்கத்தை அந்தத் தடிமன் அளவு சுரண்ட வேண்டியிருந்தது. பிரிக்கும்போது போன பாகத்துக்கும் இதே வைத்தியம். முழங்கைக்கு இடமில்லை. மடக்கிய நிலையில் நிரந்தரமாக ஒட்டிவிட்டோம். இடது முழங்கையையும் அப்படியே ஒட்டிவிடுங்கள், இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்றேன். "நல்லா இருக்கறத எதுக்கு ஒட்டணும்?" என்று மறுத்துவிட்டார். அவர் செய்ததே சரி.

அதன்பிறகு செய்த வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு முளையிலும் ஏறியிருந்த வண்ணத்தை 600 உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். கவசத்தைப் பிடிக்கும் முளைகளின் நுனியை அரை மில்லிமீட்டர் குறைத்தார். வெளியே தெரியாத துளைகளின் சுவரில் கத்தியால் ஒரு பிளவு வெட்டிவிட்டார். பிளவு இருந்தால் சுவர் இழுபடாமல் விலகிக் கொடுக்கும். மாட்டும்போது முன்பு கேட்ட "டிக்" சத்தம் வரவில்லை. பிடி கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் எதுவும் விழவில்லை.

பழுது பார்த்த இடங்களில் போன கோடுகளை நீர்வகை வாஷால் போட்டார், இந்த முறை பாகங்கள் தனித்தனியாக இருக்கும்போதே. அது எனாமல் மாதிரி கோட்டுக்குள் தானாக ஓடாது. தொட்ட இடத்திலேயே நின்று விளிம்பில் கறை கட்டும். இரண்டு தடவை கழுவிவிட்டு மறுபடி போட்டார். உற்றுப் பார்த்தால் பழைய கோடுகளைவிடப் புதியவை கொஞ்சம் தடிமன். கடைசியாக மேட் கோட். அதில் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக வந்தது.

காட்சி நாளும் அதற்குப் பிறகும்

காட்சிக்கு முந்தின இரவு முடிந்தது. மறுநாள் நாள் முழுக்கத் தாங்கியில் நின்றது. பார்த்தவர்களில் ஒரு சிறுமிதான் கேட்டாள், ஏன் இதற்கு ஒரு கை மட்டும் மடங்கியே இருக்கிறது என்று. அந்தக் கையில் அடிபட்டிருக்கிறது என்றார் கட்டியவர். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏழு பழுதுகளும் இன்றுவரை நிற்கின்றன. நான்கு மாதம் கழித்து வலது கணுக்காலில் விரிசல் வந்தது, நான் பிரிக்க வேண்டாம் என்ற அதே கணுக்கால். துளையின் உள்விளிம்பிலிருந்து கிளம்பியது, வழவழப்பான முகம், உள்ளே கருப்புச் சாயம். சனிக்கிழமையன்றே தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத அளவில் நின்று, உடலின் பாரத்தில் மெல்ல வளர்ந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கட்டியவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மட்டும் அனுப்பினார்.

இனி மாற்றிச் செய்வது

கட்டியவர் ஐந்தாவது கிட்டைத் தொடங்கிவிட்டார். சட்டகத்தைப் பூட்டி வைத்துப் பூசுவதில்லை. முளைகளில் மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டு, அதைக் கிளிப்பில் பிடித்துப் பூசுகிறார். வாஷ் பாகம் தனியாக இருக்கும்போதுதான், போட்டபிறகு ஒருநாள் காயாமல் எதுவும் மாட்டுவதில்லை. எனாமலை விட்டுவிடவில்லை. கோடு சுத்தமாக வருவது அதில்தான் என்கிறார், நானும் ஒப்புக்கொள்கிறேன். துடைக்கும்போது மட்டும் பஞ்சுக்குச்சியைத் தின்னரில் தோய்த்ததும் துணியில் ஒற்றி, ஈரப்பதம் மட்டும் இருக்கும்படி எடுக்கிறார். பக்கத்துத் தகட்டில் கருப்பு மாறுகிற பிரச்சினைக்கு, எல்லாத் தகட்டையும் ஒரே கலவையில் ஒரே மாலையில் முடித்துவிடுவது என்று வைத்திருக்கிறார். முன்னளவு ஒரே சீராக இல்லை, ஆனால் பரவாயில்லை.

நான் மாற்றிக்கொண்டவை வேறு. படத்தைப் பார்த்ததும் ஒட்டச் சொல்வதை விட்டுவிட்டேன். உடைந்த முகத்தை முதலில் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்கிறேன், வெள்ளை இருக்கிறதா, சாயம் இருக்கிறதா என்று. பிரிக்கிறதென்றால் முழுசாகப் பிரிக்கச் சொல்கிறேன். குழுவில் இப்போது யாரும் கிட் முடியும்வரை ரன்னரைத் தூக்கிப் போடுவதில்லை. பெட்டியில் 'ஏபிஎஸ்' என்று எழுதி ஒரு பை தனியாக இருக்கிறது.

கணுக்கால் இன்னும் ஒட்டப்படவில்லை. உருவம் தாங்கியில் பறந்துகொண்டிருப்பதால் காலுக்கு வேலையில்லை, அப்படியே இருக்கட்டும் என்கிறார்.